யாரும் அவனைக் கூப்பிடாத தெரு

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பூட்டுக்காரன் முதலில் சுவரைப் பார்க்க மாட்டான், கூரையையும் பார்க்க மாட்டான். வாசல் கதவைப் பாதி திறந்து, அதன் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பான். தாழ் நுழையும் ஓட்டையைச் சுற்றி மரம் சிராய்த்திருக்கிறதா, விரிசலை மூடிப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று குனிந்து பார்ப்பான். "இந்தக் கதவை யாரோ ஒருதரம் நெம்பியிருக்காங்க" என்று அவன் சொன்னதும் வீடு காட்ட வந்த தரகரின் முகம் தொங்கிப்போகும். பூட்டுக்காரனின் மனைவியின் முகம் அதற்கு முன்பே தொங்கியிருக்கும்.

அவள் வேலை பார்ப்பது நகரத்தின் நடுவில் இருக்கும் பெரிய மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். இருவரும் வாடகைக்குக் குடியிருப்பதோ நகரத்துக்கு வெளியே, பஸ் திரும்பும் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில். பகல் வேலையாக இருந்தவரை இரண்டு பஸ் மாறி எப்படியோ ஓடிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதத்திலிருந்து அவளை விடியற்காலை முறைக்கு மாற்றிவிட்டார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஒன்று, மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு கிடைக்க வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் வங்கி கடன் தராது, கடன் இல்லாவிட்டால் வீடும் இல்லை. அந்தப் பக்கம் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றியது. பழைய வீடு ஒன்றை வாங்கித் தவணை கட்டுவது அதைவிடத் தேவலை என்று அவள்தான் யோசித்துச் சொன்னாள்.

அவனும் சரி என்றான். சரி என்று சொல்வதில் அவனுக்கு எப்போதும் தகராறு இருந்ததில்லை. அதற்குப் பிறகு வருமே ஒரு "ஆனா", அதில்தான் எல்லாம் இருந்தது.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படிப்பு ஏறவில்லை என்று பள்ளிக்கூடத்தை விட்ட வருடமே மாமாவின் சாவிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கடை என்றால் பஸ் நிலையத்துச் சுவரோரம் ஒரு மரப்பெட்டி, சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று, ஒரு முக்காலி. அங்கே உட்கார்ந்து அவன் முதலில் கற்றுக்கொண்டது, எந்தப் பூட்டும் ஒரு பேச்சுக்குத்தான் என்பது. ஊரே நிம்மதியாகத் தூங்குவதற்குக் காரணமான அந்த இரும்புத் துண்டு, வளைந்த கம்பி ஒன்றுக்கு எவ்வளவு சுலபமாக வழிவிடும் என்று தெரிந்தவனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

போதாதற்கு அந்த வெள்ளைச்சட்டைக்காரன் வேறு. மடிப்புக் கலையாத சட்டையும் கையில் பழப்பையுமாக ஒருவன் வந்தான். "சாவியை உள்ளே வச்சுப் பூட்டிட்டேன், தம்பி" என்றான். பூட்டுக்காரன் போய்த் திறந்துகொடுத்தான். சாயங்காலம் போலீஸ் வந்து கடையில் நின்றது. வீடு வெள்ளைச்சட்டைக்காரனுடையது இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் அவனோடு போய்விட்டது. பூட்டுக்காரன் ஒன்றும் அறியாதவன் என்று நிரூபிக்க மாமா காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது. அன்றிலிருந்து, அழுதுகொண்டு தன் வீட்டு வாசலில் நிற்பவரிடம்கூட "இது உங்க வீடுதான்னு யார் சொல்லுவா?" என்று கேட்காமல் அவன் கம்பியை வெளியே எடுப்பதில்லை. மனைவியின் தம்பி அவனுக்கு வைத்த பெயர் 'துப்பறியும் மாப்பிள்ளை'. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவான்.

இப்படிப்பட்டவன் வீடு பார்க்கக் கிளம்பினால் என்ன ஆகும்?

மருத்துவமனையைச் சுற்றி, அவர்கள் கைக்கு எட்டுகிற பகுதிகள் சிலவே. சந்தைக்குப் பின்பக்கம் ஒன்று. அங்கே தண்ணீர் நன்றாக வந்தது, கூரை உறுதியாக இருந்தது.

"ஆனா அந்தத் தெருவுல அடிக்கடி பூட்டு மாத்தக் கூப்பிடுவாங்க. என்னமோ நடக்குது" என்றான்.

ரயில் நிலையத்தை ஒட்டிய குடியிருப்பு ஒன்று. உயரமான அறைகள், நல்ல காற்று. "அங்கே ஒருத்தர் கோபத்துல சொந்த அண்ணனையே உள்ளே வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டார். நான்தான் திறந்துவிட்டேன். அந்த மாதிரி ஆளுங்க நடுவுல குடியிருக்கவா?"

வாய்க்கால் ஓரத்துத் தெருவில் அவளுக்கே ஒரு வீடு மிகவும் பிடித்திருந்தது. "மழைக்காலத்துல அங்கே கதவெல்லாம் ஊதிப்போய் இறுகி நிக்கும். வருஷா வருஷம் போறேன். தண்ணி உள்ளே வருது, சொல்ல மாட்டேங்கறாங்க."

அன்றைக்குத் திரும்பி வந்து, பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது அவள் தொடங்கினாள்.

"ஒண்ணு கேட்கறேன், பதில் சொல்லுங்க. உங்களை யாரு கூப்பிடுவா?"

"சாவி தொலைச்சவங்க. திருட்டுப் போனவங்க. சண்டை போட்டவங்க."

"சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து, நல்லபடியா உள்ளே போய்ச் சாப்பிட்டுத் தூங்கறவன் உங்களுக்கு எதுக்குப் போன் பண்ணப் போறான்? ஊர்ல இருக்கற எல்லாத் தெருவையும் அதோட கெட்ட நாள்ல மட்டும்தான் நீங்க பாத்திருக்கீங்க. டாக்டர்கிட்டப் போய் ஊர்ல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு கேட்டா, எல்லாரும் சீக்காளின்னுதான் சொல்லுவார்."

அவனுக்கு அது உறைத்தது. உறைத்ததால் ஒன்று தோன்றியது. தன்னை ஒருதரம்கூட யாரும் கூப்பிடாத தெருவாகப் பார்த்துவிட்டால்?

அப்படி ஒரு தெரு அடுத்த வாரமே வந்து வாய்த்தது. மருத்துவமனையின் பின்வாசலிலிருந்து கூப்பிடு தூரம். மூடிக்கிடந்த ஒரு பழைய அச்சகத்தின் பக்கவாட்டில் நுழைகிற குறுகலான தெரு. "கார் நுழையாது. அதனாலதான் இந்த விலை. உங்ககிட்ட கார் இருக்கா?" என்றார் தரகர்.

"இல்லை."

"அப்புறம் உங்களுக்கு என்ன குறை?"

விற்பவர் அந்த அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனோடு இருக்க வேறு ஊருக்குப் போகிறார். இரண்டு அறை, சமையலறை, பின்னால் துணி காயப்போடும் அளவுக்கு ஒரு முற்றம். தரை வழவழவென்று இருந்தது. மின்கம்பிகள் பழசு, மாற்ற வேண்டும். குளியலறைச் சுவரில் ஈரம் கோத்திருந்த இடத்தை அச்சகத்துக்காரரே தட்டிக் காட்டினார். "இங்கே குழாய் கசியுது. வந்ததும் முதல்ல இதைப் பாருங்க."

தானாக வந்து ஒரு குறையைச் சொல்கிறவன் அதைவிடப் பெரிய குறையை மறைக்கிறான் என்று பூட்டுக்காரனுக்கு உடனே பட்டது.

மனைவி வாசலிலிருந்து மருத்துவமனை வரை நடந்துபோய்விட்டுத் திரும்பி வந்தாள். மூச்சுகூட வாங்கவில்லை. அவள் முகத்தை அப்படி மலர்ச்சியாகப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. "என்னங்க, இதுதான்" என்றாள் மெதுவாக.

"வேற ஒருத்தரும் கேட்கறார்" என்றார் அச்சகத்துக்காரர். "அட்டைப்பெட்டி அடுக்கி வைக்கறதுக்கு. குடித்தனம் பண்றவங்களுக்குக் கொடுத்தா நல்லதுன்னு நான் நினைக்கறேன். இந்த வாரக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க."

வீட்டுக்கு வந்ததும் பூட்டுக்காரன் தொடங்கினான். "ஆனா ஒண்ணு..."

"சொல்லுங்க."

"இந்தத் தெருவுல இருந்து இத்தனை வருஷத்துல ஒரு ஆள்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். மனுஷனாப் பிறந்தா ஒரு நாளாவது சாவியைத் தொலைக்க மாட்டானா? எப்படி ஒருத்தனும் தொலைக்காம இருப்பான்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது. "கூப்பிட்டா ஒரு குத்தம், கூப்பிடலேன்னா ஒரு குத்தம். இதையும் வேண்டாம்னு சொன்னீங்கன்னா இனிமே நான் வீடு பாக்க வர மாட்டேன். வேலையை எழுதிக் கொடுத்துட்டு உங்களோட கடையில வந்து உக்காந்துக்கறேன். நீங்க சாவி வெட்டுங்க, நான் யாரு வர்றான்னு சந்தேகப்படறேன்."

அவன் வேண்டாமென்று சொல்லவில்லை. விசாரிக்கலாம் என்று மட்டும் மனசுக்குள் முடிவு செய்துகொண்டான்.

வேலை இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டு, அந்தத் தெருமுனையில் போய் நின்றான். ஒரு நாள் காலையில் போனான், ஒரு நாள் மத்தியானம் போனான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். கதவுகளில் இருந்ததெல்லாம் அரதப் பழைய பூட்டுகள். ஒரு வீட்டில் கதவைச் சும்மா சாத்தி வைத்துவிட்டுப் போனார்கள். காக்கிச் சட்டை போட்ட பஸ் டிரைவர் ஒருவர் தன் வீட்டிலிருந்து வந்து, எதிர்வீட்டுப் பூட்டைச் சாவி போட்டுத் திறந்து, உள்ளே போய், ஒரு குடையோடு வெளியே வந்தார். பட்டப்பகலில், அக்கம்பக்கம்கூடப் பார்க்காமல். சற்று நேரத்தில் ஒரு பெண் அந்த டிரைவரின் வீட்டைத் திறந்து, அடுப்பையோ எதையோ அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனாள். எந்த வீடு யாருடையது என்றே அவனுக்குக் குழம்பிப்போயிற்று. தெரு மொத்தமும் ஒரே கூட்டமோ?

மூன்றாவது தடவை சாயங்காலம் போனான். தெருவில் யாரும் இல்லை என்று நினைத்தான். அச்சகத்துக்காரர் வீட்டு வாசலில் மண்டியிட்டு, சிறிய டார்ச்சைச் சாவித் துவாரத்தில் அடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தான். எத்தனை சாவி உள்ளே போய் வந்திருக்கிறது என்று தேய்மானத்தில் தெரியும்.

"என்ன தம்பி, உள்ளே சினிமா ஓடுதா?"

திரும்பினான். கழுத்தில் அளவு நாடா தொங்க, கையில் பெரிய கத்தரிக்கோலோடு ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுத் தையற்காரி. ஜன்னலோரம் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அங்கேயே இருப்பவர். அவன் தெருவை வேவு பார்த்த நேரமெல்லாம் அவர் அவனை வேவு பார்த்திருந்தார்.

"நான்... இந்த வீட்டை வாங்க வந்தேன்க்கா."

"வாங்க வந்தவன் கதவைத் தட்டுவான். ஓட்டையில கண்ணை வைக்க மாட்டான். முந்தாநாள் முனையில நின்னே. நேத்து அந்தக் கம்பத்துக்குப் பின்னாடி நின்னே. கம்பம் ஒல்லி, நீ குண்டு. பையில என்ன?"

பையைத் திறந்ததுதான் தப்பு. வளைந்த கம்பிகள், சின்ன ரம்பம், சாவிக் கொத்துகள், சுத்தியல். கையும் களவுமாகப் பிடிபட்டவன் பையில் வேறு என்னதான் இருக்கும்? தையற்காரி போட்ட சத்தத்தில் டிரைவர் வந்தார், குடைக்குச் சொந்தக்காரர் வந்தார், கடைசியில் கதவைத் திறந்துகொண்டு அச்சகத்துக்காரரும் வந்தார்.

"இவரா? இவர் வீடு கேட்டவர்தான்" என்றார் அவர். எல்லாரும் ஓங்கிய கையை இறக்கினார்கள். ஆனால் அவர் அவனை ஒரு தினுசாகப் பார்த்தார். "தம்பி, என்கிட்டக் கேட்டிருந்தா சாவியையே கொடுத்திருப்பேனே. நான் போனதுக்கப்புறமும் இவங்க எல்லாரும் இங்கேதான் இருக்கணும். பெட்டி அடுக்கறவர் பரவாயில்லைன்னு தோணுது. பெட்டி யாரையும் முறைக்காது."

பூட்டுக்காரன் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். எதையும் மறைக்கவில்லை, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனதைக்கூட. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று யோசிக்கிறாள் என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"எங்கே?"

"நீங்க கெடுத்ததைச் சரி பண்ண. வாங்க."

"நானுமா?"

"முக்கியமா நீங்கதான்."

பஸ்ஸில் போகும்போது அவன் "என்ன சொல்லப் போறே?" என்று இரண்டு முறை கேட்டான். "வந்து பாருங்க" என்றாள் அவள்.

அச்சகத்துக்காரர் வீட்டுக்கு அவள் போகவில்லை. நேராகத் தையற்காரியின் வாசலில் போய் நின்றாள். "அக்கா, இவர் என் வீட்டுக்காரர். திருடர் இல்லை. பூட்டு ரிப்பேர் பண்றவர். யாரைப் பாத்தாலும் சந்தேகப்படுவார். என்னைப் பெண் பாக்க வர்றதுக்கு முன்னாடி எங்க வீட்டையும் இப்படித்தான் தெருமுனையில நின்னு வேவு பாத்தார்."

தையற்காரி இயந்திரத்தை நிறுத்தினார். "அப்படியுமா இவரைக் கட்டிக்கிட்டே?"

"அது கல்யாணத்துக்கு அப்புறம்தான்க்கா தெரிஞ்சது."

தையற்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அதை அவனிடம் காட்டிக்கொள்ள அவர் தயாராக இல்லை. "நீ சொல்லு தம்பி. எங்க மேல என்ன சந்தேகம்?"

ஏதாவது மழுப்பலாம் என்று பார்த்தான். மனைவி அவனைப் பார்த்த பார்வையில் அது வாயோடு நின்றுவிட்டது. "இந்தத் தெருவுல யாரும் என்னைக் கூப்பிட்டதில்லைக்கா. சாவி தொலைச்சாக்கூட. ஏன்னு புரியல. அதுவுமில்லாம ஒருத்தர் வீட்டை இன்னொருத்தர் திறக்கறாங்க."

தையற்காரி எழுந்துபோய், துணி அலமாரியின் கதவைத் திறந்தார். உட்பக்கம் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சாவி. அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் துணிக் கிழிசல் கட்டியிருந்தது. "இது டிரைவர் வீடு. இது குடைக்காரர் வீடு. இந்தப் பச்சைத் துணி நீ வாங்கப் பாக்கற வீடு. என் வீட்டுச் சாவி டிரைவர்கிட்ட இருக்கு. எவனாவது தொலைச்சா இங்கே வருவான். உன்னை எதுக்குக் கூப்பிடணும்?"

எந்தத் திருட்டைப் பார்த்தும் பூட்டுக்காரன் அப்படி அதிர்ந்ததில்லை. ஒரு தெருவின் எல்லாச் சாவியும், பூட்டே இல்லாத ஒரு துணி அலமாரியில்! அதிலும் அவன் வாங்கப்போகும் வீட்டின் சாவி, பச்சைத் துணியோடு!

"மூஞ்சியைப் பாரு, மூஞ்சியை" என்றார் தையற்காரி. இப்போது அடக்க முடியாமல் சிரித்தார். மனைவியும் சிரித்தாள். அவன் மட்டும் நின்றான்.

"நான் வந்தா பூட்டை மாத்திடுவேன்க்கா" என்றான். ஏன் அதைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாத்திக்கோ. உன் வீடு. யாரு வேண்டாம்னா?" தையற்காரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கூப்பிட்டார். "அண்ணே! இங்கே வாங்க!" அச்சகத்துக்காரர் வந்து வாசலில் நின்றார். "இவங்களுக்கே கொடுத்துடுங்கண்ணே. ஆளு சந்தேகப் பிராணிதான். ஆனா பொய் சொல்ல வரல. பெட்டி வந்தா எலியும் வரும்."

அச்சகத்துக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இனிமே கதவைத் தட்டுவீங்களா?"

"தட்டுவேன்."

"அப்போ சரி."

வங்கிக் கடன் கிடைத்து, பத்திரம் முடிந்து குடிவந்த அன்றே அவன் வாசலில் உட்கார்ந்து பூட்டை மாற்றினான். தன் கடையிலேயே உசத்தியான பூட்டு. தையற்காரி பச்சைத் துணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு பழைய சாவியைத் திருப்பிக் கொடுத்தார். இனி எதற்கும் உதவாத அந்தச் சாவியை அவன் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான், நகல் எடுத்த தடம் இருக்கிறதா என்று. மனைவி பார்த்தும் பார்க்காததுபோல் பாத்திரம் அடுக்கினாள்.

விடியற்காலை முறை தொடங்கிய முதல் நாள். வெளுக்கத் தொடங்கும் நேரத்தில் அவள் வாசலில் இறங்கினாள். தையற்காரியின் ஜன்னலில் விளக்கு எரிந்தது. "கிளம்பியாச்சா பொண்ணே? முனை திரும்பற வரைக்கும் நான் பாத்துக்கறேன், போ."

இந்த நேரத்தில் இவருக்கு என்ன வேலை என்று பூட்டுக்காரன் யோசித்தான். அதற்குள் மனைவி பாதித் தெருவைத் தாண்டியிருந்தாள். அவனுக்கு மனசு கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல், நாலு வீடு தள்ளியே பின்னால் போனான். மருத்துவமனை வாசலில் அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "போதும், போங்க. உங்க செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

திரும்பி வந்தபோது தன் வீட்டு வாசற்படியில் தையற்காரி உட்கார்ந்திருப்பதைக் கண்டான். மடியில் பாதி தைத்த சட்டை. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கதவு ஆவென்று திறந்துகிடந்தது.

"பெரிய பூட்டுக்காரன். திறந்து போட்டுட்டுப் போயிட்டே" என்றார் ஊசியை எடுத்துவிட்டு. "சாவி இருந்தா பூட்டிட்டுப் போயிருப்பேன். இல்லை. அதான் உக்காந்துட்டேன்."

அவன் அவரைத் தாண்டி உள்ளே போனான். இரண்டு அறையும் பார்த்தான், சமையலறையைப் பார்த்தான், முற்றத்துக் கதவை இழுத்துப் பார்த்தான். வெளியே வந்தபோது தையற்காரி சட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

"எண்ணிப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சுக்கா."

"ஏதாவது குறையுதா?"

"இல்லைக்கா."

"நாளைக்கும் அவ பின்னாடி போவியா?"

"போவேன்."

"அப்போ பூட்டிட்டுப் போ. எனக்கும் தைக்க வேண்டியது கிடக்கு."

மறுநாள் பூட்டினான், இழுத்துப் பார்த்தான், இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தான். மனைவி முன்னால் போய்விட்டிருந்தாள். முனைக்குப் போய், பழக்க தோஷத்தில் ஒருமுறை திரும்பினான். ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தைப்பதை நிறுத்தாமலே தையற்காரி ஒரு கையை மட்டும் தூக்கி, போ போ என்று அவனை விரட்டினார்.